மாடு எந்திரிச்சிச்சா?

மூன்று வருடமாக ஒரு கேள்வி என்னை விடாமல் நச்சரித்துக்கொண்டிருக்கிறது. கேட்டவர் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி. இடம், மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகும் சாலையில், செம்பனைக்கு நடுவே இருக்கிற ஒரு பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில். நவராத்திரி ஆறாம் நாள் உபயத்தில் எனக்குக் கச்சேரி. ஒன்றரை மணி நேரம் பாடி, மங்களமும் ஆகி, வயலின்காரர் ஈப்போவுக்குக் கிளம்பும் அவசரத்தில் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் மைக் ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் மீகூன் பொட்டலமும் இன்னொரு கையில் பேரனின் தோளுமாக அந்தப் பாட்டி வந்து நின்றார். "டீச்சர், அந்த மாடு எந்திரிச்சிச்சா இல்லையாம்மா?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. கோயில் பக்கம் ஏதோ மாடு படுத்திருக்கிறது போல என்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே நாலு மோட்டாரும், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு வங்காளதேசத்துப் பையன்களும்தான் இருந்தார்கள். "பாட்டுல வந்துச்சே, மல மாதிரி மாடு படுத்திருக்குன்னு. அந்த ஆளு சாமியப் பாத்தானா?" என்றார் பாட்டி. அப்போதுதான் உறைத்தது. நான் நாலாவதாக, நாட்டக்குறிஞ்சி ராகத்தில் பாடிய நந்தனார் பாட்டு 'வழி மறைத்திருக்குதே'யைச் சொல்கிறார். "எந்திரிச்சிருச்சு பாட்டி, சாமியப் பாத்துட்டாரு" என்று சொல்லிவிட்டு ஒயரைச் சுற்றுவதைத் தொடர்ந்தேன். பாட்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். சாப்பிட்டுவிட்டேன் என்று பிள்ளை பொய் சொல்லும்போது அம்மா பார்ப்பாளே, அந்தப் பார்வை. "அப்ப அதையும் பாடியிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டுப் பேரனின் மோட்டாரில் ஏறிப் போய்விட்டார்.

நந்தனார் கதை தெரியாத தமிழ்ப் பாட்டி உண்டா என்று சிலர் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவருக்கு மதுரை வீரன் தெரியும், நல்லதங்காள் தெரியும், அல்லி அரசாணி தெரியும். நந்தன் தெரியாமல் போனதில் என்ன அதிசயம்? அல்லது தெரிந்தே என்னைச் சோதிக்கக் கேட்டாரோ என்னவோ, அந்தச் சந்தேகம் எனக்கு இன்றுவரை உண்டு. எப்படியிருந்தாலும் கேள்வி கேள்விதான். ஒரு மனிதன் கோயில் வாசலில் நின்று உள்ளே எட்டி எட்டிப் பார்க்கிறான், நந்தி மறைக்கிறது, அழுகிறான். அவனை அப்படியே நிற்க வைத்துவிட்டு நான் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். அடுத்த பாட்டு எது தெரியுமா? கதனகுதூகல ராகத்தில் 'ரகுவம்ச சுதா'. நந்தியை அங்கேயே படுக்க விட்டு ராமனைக் கூப்பிட்டுக்கொண்டு தெறித்து ஓடியிருக்கிறேன்.

பட்டியல் போடுவது

நான் பெரிய பாடகி எல்லாம் இல்லை. வார இறுதியில் இருபது பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு, வருடத்துக்கு ஐந்தாறு கோயில் கச்சேரி, அவ்வளவுதான். ஆனால் பட்டியல் போடுவதில் எனக்கு ரொம்பப் பெருமை இருந்தது. வர்ணத்தில் ஆரம்பித்து, பிள்ளையாரைக் கும்பிட்டு, நடுவில் விறுவிறுப்பாக ஒன்று, அப்புறம் பெரிய ராகம், மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம், துக்கடா என்கிற சின்னப் பாட்டுகள், மங்களம். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துவிட்டுப் போன இந்த வரிசையைத்தான் சென்னையிலும் பாடுகிறார்கள், ஈப்போவிலும் பாடுகிறார்கள், செம்பனைக்கு நடுவே நானும் பாடுகிறேன். என் குருநாதர் பால பாடம் மாதிரிச் சொல்லிக்கொடுத்தது இரண்டு விதி: சொந்தக்கார ராகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்காதே, ஒரே தாளத்தில் இரண்டு பாட்டு தொடர்ந்து போகாதே. காது சலிக்கக் கூடாது. அந்த விதிப்படி பார்த்தால் அன்றைய பட்டியல் அருமையான பட்டியல். நாட்டக்குறிஞ்சியின் அழுத்தத்துக்கு அடுத்து கதனகுதூகலத்தின் துள்ளல். யாரைக் கேட்டாலும் சபாஷ் என்பார்கள்.

அந்த வரிசையில் எல்லாக் கணக்கும் இருக்கிறது, சொல்லுக்குக் கணக்கு இல்லை. பாட்டில் யார் யாரிடம் என்ன கேட்கிறார், பதில் கிடைத்ததா, இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை. தெலுங்கில் பாடும்போது இந்தக் குறை எனக்கும் தெரியாது, கேட்பவர்களுக்கும் தெரியாது, அம்மனுக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். அன்றைக்கு மாட்டிக்கொண்டதற்குக் காரணம் 'நந்தனார் சரித்திரம்' பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் 'படுத்திருக்குதே' என்று எழுதிவைத்ததுதான். படுத்துள்ளது என்றோ கிடக்கின்றது என்றோ எழுதவில்லை. படுத்திருக்குதே! தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டுத் திண்ணையில் பேசுகிற பேச்சு. அந்த மனிதரின் பாட்டில் இலக்கணப் பிழை இருக்கிறது என்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை நூலைப் பாராட்டும் சிறப்புப்பாயிரம் கொடுக்கத் தயங்கியதும், பிறகு பாரதியார் பாடியதைக் கேட்டு மனம் இளகிக் கொடுத்ததும் உ.வே.சா. எழுதிவைத்த கதை. மகாவித்துவானையே இளக்கிய அந்தப் பேச்சுத் தமிழ், அன்று பந்தலில் பாட்டியையும் பிடித்து நிமிர்த்தி உட்கார வைத்திருக்கிறது. ஒரு மணி நேரமாக நான் பாடியதில் முதன்முதலாக அவருக்கு ஒரு சொல் புரிந்திருக்கிறது, புரிந்த உடனே நான் விட்டுவிட்டேன்.

இன்னும் வெட்கக்கேடு ஒன்று உண்டு. 'மலை போல' என்ற இடத்தில் நான் சொல்லை விட்டுவிட்டு ஸரிகமவாக விரியும் கல்பனாஸ்வரம் பாடினேன். நன்றாகத்தான் பாடினேன். மிருதங்கக்காரரோடு கண்ணால் பேசிக்கொண்டு ஒரு கணக்கு வைத்து, கோர்வை கச்சிதமாக வந்து உட்கார்ந்தது, முன்வரிசை கை தட்டியது. நந்தன் கழுத்தை எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரம் முழுக்க நான் ஸ்வரங்களை மும்மூன்றாகக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

பாட்டி வீட்டில்

மூன்று மாதம் கழித்து, பேரனிடம் கேட்டு அவர் வீட்டுக்குப் போனேன். தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களில் பாதிப் பேர் இருக்கிற அதே தாமான் குடியிருப்பு. இரண்டு அறை வீடு, வாசலில் பூந்தொட்டிகள், உள்ளே ஆணியில் ஒரு ரப்பர் பால் வெட்டும் உளி. அலங்காரத்துக்கு மாட்டியதில்லை. தேங்காய் நார் உரிக்கவும், தொட்டி மண்ணைக் கிளறவும் அதைத்தான் எடுக்கிறார். அவர் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள்காட்டி விரல் உளியைப் பிடித்த வாக்கிலேயே வளைந்து நின்றுவிட்டது. கறுப்பாக ஒரு காய்ப்பு, விரலின் உட்பக்கம் முழுவதும். தேநீர்க் கோப்பையைக்கூட அந்தக் கொக்கியில்தான் மாட்டித் தூக்குகிறார்.

அப்பா 1930களில் கங்காணியோடு கப்பலேறி வந்தவராம். பாட்டி பிறந்தது லயத்தில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்றது பதினான்கு வயதில். வீட்டுக்காரர் பால் ஸ்டோரில் வேலை. லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை போட்டு ஐந்து மாடு வரை வைத்திருந்தார்கள். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில் துன் சம்பந்தன் ஊர் ஊராகப் போய்ப் பேசி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினாரே, அதில் வீட்டுக்காரர் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டியிருக்கிறார். "நமக்கும் ஒரு மரமாவது சொந்தமாயிருக்கும்னாரு" என்று சிரித்தார்.

நான் நந்தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாரதியார் சொல்கிற கதை. நந்தன் பண்ணையில் கூலி வேலை செய்பவன். சிதம்பரம் போய்ச் சாமி பார்க்க வேண்டும் என்று ஆண்டையிடம் உத்தரவு கேட்கிறான். 'நாளைப் போவேன், நாளைப் போவேன்' என்று சொல்லிச் சொல்லியே நாள் போகிறது. கடைசியில் ஆண்டை, 40 வேலி நிலத்திலும் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். இந்த இடத்தில் பாட்டி கையை நீட்டி என்னை நிறுத்தினார். "நாப்பது வேலின்னா எத்தன மரம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. கைப்பேசியை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு வேலி கிட்டத்தட்ட ஆறே முக்கால் ஏக்கர் என்றால் 40 வேலி 260 ஏக்கருக்கு மேல். ஏக்கருக்கு 100 ரப்பர் மரம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 26,000 மரம். "நான் ஒரு நாளைக்கு 400 வெட்டுவேன்" என்றார். அப்படியானால் ஒரு ஆளுக்கு 65 நாள் வேலை. "ஒரே ராத்திரியிலயா?" என்று கேட்டார். ஆமாம் பாட்டி, விடிவதற்குள் சாமியே ஆள் அனுப்பி முடித்துக் கொடுத்துவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார். கோலகங்சார் பக்கத்துத் தோட்டத்தில் அவருடைய அம்மா சாகக் கிடந்தபோது இவர் கணக்கெழுதும் கிராணியிடம் போய் நின்றிருக்கிறார். மழைக்காலம், வேலைக்கு ஆள் குறைவு. நிரையை முடித்துப் பாலை நிறுத்துவிட்டுப் போ என்று சொல்லிவிட்டாராம். 400 மரத்தையும் வெட்டி, மங்கு மங்காகப் பால் எடுத்து, காண்டாவில் சுமந்து ஸ்டோரில் ஊற்றிவிட்டு பஸ் ஏறியிருக்கிறார். அவர் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஐந்து மணி. "எனக்கு ஆள் வரல" என்றார். அவ்வளவுதான் சொன்னார், அப்புறம் பேச்சு பூந்தொட்டிக்குப் போய்விட்டது.

திரும்பி வரும்போது ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. அடுத்த நவராத்திரிக்கு அதே கோயிலில் நந்தன் கதையை முழுசாகப் பாட வேண்டும்.

கதை எங்கே போயிற்று

வேலையை ஆரம்பித்த பிறகுதான் நான் இத்தனை நாளாக எதைப் பாடிக்கொண்டிருந்தேன் என்பதே தெரிந்தது. நந்தனார் சரித்திரத்தில் கதையை இழுத்துக்கொண்டு போவது கீர்த்தனைகள் அல்ல. நொண்டிச்சிந்தும் மற்றச் சிந்துகளும்தான் நடக்கிறவை, கீர்த்தனைகள் ஆங்காங்கே நின்று அழுகிறவை. கதாகாலட்சேபக்காரர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். கச்சேரிக்காரர்களான நாம் அழுகிற இடங்களை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு, ராகம் தாளம் போட்டு, அதையும் பெரும்பாலும் கடைசியில் துக்கடாவாக வைத்துவிட்டோம். தமிழ்ப் பாட்டு என்றாலே துக்கடா என்று ஆகிவிட்டதை எதிர்த்து 1940களில் அண்ணாமலை நகரிலும் சென்னையிலும் அவ்வளவு பெரிய இயக்கம் நடந்தது. பாட்டுகள் கொஞ்சம் மேலே ஏறின. கதை ஏறவில்லை.

சேக்கிழாரின் பெரியபுராணத்தையும் எடுத்துப் படித்தேன். அங்கே ஆண்டையே கிடையாது. 40 வேலியும் கிடையாது. திருநாளைப்போவாரை, அங்கே நந்தனுக்கு அதுதான் பெயர், போகவிடாமல் தடுப்பது அவர் மனத்தில் இருக்கும் தயக்கம்தான். உத்தரவு கொடுக்காத முதலாளியைக் கதைக்குள் கொண்டுவந்து நிறுத்தியது பாரதியார். அந்த மனிதர் தஞ்சாவூர்ப் பண்ணைகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர், அதனால்தான் 'உனக்கெல்லாம் மார்கழித் திருநாளா' என்று ஆண்டை கேட்கிற கேள்வியில் அவ்வளவு நிஜம் இருக்கிறது என்பது என் எண்ணம். அந்தப் பாட்டை நான் பாடவில்லை. அதில் வரும் சாதிச் சொல்லை அந்தப் பந்தலில் உட்கார்ந்திருப்பவர்கள் முகத்துக்கு நேராகப் பாட என் வாய் வராது. 'வழி மறைத்திருக்குதே'யிலும் நந்தன் தன்னைத் தானே சாதி சொல்லித் தாழ்த்திக்கொள்ளும் அடி ஒன்று உண்டு, அதையும் விட்டேன். சரியா தப்பா என்று இன்னும் தெரியவில்லை. அவமானத்தை அழித்துவிட்டு அழுகையை மட்டும் வைத்துக்கொள்வது ஒரு வகை மோசடி என்று எனக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

பெரிய சிக்கல் நெருப்பு. சிதம்பரத்தில் நந்தன் தீயில் இறங்கிப் பூணூலோடு முனிவராக எழுந்து உள்ளே போகிறான். ஒரு மனிதனை உள்ளே விட அவனை எரிக்க வேண்டியிருக்கிறது என்று கோயிலில் உட்கார்ந்து பாட எனக்கு மனசு வரவில்லை. அதனால் சிதம்பரத்து எல்லையில் நின்று அவன் 'வருகலாமோ ஐயா' என்று கேட்பதோடு முடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். மாஞ்சி ராகம், மெதுவாக, கேள்வியோடு நின்றுவிடும்.

குருநாதருக்கு போன் போட்டுப் பட்டியலைப் படித்தேன். "கச்சேரி வேற, காலட்சேபம் வேற. ரெண்டும் கெட்டானா ஏன் பண்றே?" என்றார். ஒரே ஆசிரியர், முக்கால்வாசி சோக ரசம், காது செத்துப்போகும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தச் சமயத்தில்தான் என் பழைய மாணவி ஒருத்தி, கோலாலம்பூரில் மேற்கத்திய இசை படிக்கிறவள், ஷூபர்ட்டின் 'வின்டர்ரைஸ' கேட்டிருக்கிறீர்களா அக்கா என்று அனுப்பிவைத்தாள். 1827இல் எழுதியது. 24 பாட்டு, ஒரே குரல், ஒரே பியானோ. காதலில் தோற்ற ஒருவன் பனியில் நடந்துகொண்டே இருக்கிறான், அவ்வளவுதான் கதை. 24இல் பெரும்பாலானவை சோகம், நடுவில் யாரும் கை தட்டுவதில்லை. எனக்கு ஒரு சொல் புரியவில்லை, அவள் அனுப்பிய பொருளை வைத்துக்கொண்டு பின்தொடர்ந்தேன். கடைசிப் பாட்டில் ஐஸ் மேல் வெறுங்காலோடு ஒரு கிழவன் கைப்பிடியைச் சுற்றும் வாத்தியம் வாசிக்கிறான், தட்டில் ஒரு காசு இல்லை. நான் உன்னோடு வரட்டுமா, என் பாட்டுக்கு வாசிப்பாயா என்று இவன் கேட்கிறான். பதில் வராமலே முடிந்துவிடுகிறது. கேள்வியில் முடிப்பது குற்றமில்லை என்று அன்று இரவு எனக்கு ஆறுதலாக இருந்தது. ஷூபர்ட் அந்தக் கேள்வியைத் தெரிந்தே விட்டிருக்கிறார். நான் மாட்டை விட்டுவிட்டு வந்ததே எனக்குத் தெரியாது.

ரிஷபம்

ஒத்திகையில் சில விஷயங்கள் கற்றுக்கொண்டேன். பாட்டுக்கு நடுவே பேசும்போது தம்பூராவை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் டீச்சர் அறிவிப்புச் செய்கிற மாதிரி ஆகிவிடுகிறது, சுருதி ஓடிக்கொண்டிருந்தால் பேச்சும் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு தடவைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது. முக்கியமாக, பாட்டில் வரப்போவதைப் பேச்சில் சொல்லிவிடக் கூடாது. கதையை வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட வேண்டும், உள்ளே போவது பாட்டின் வேலை. இந்தக் கடைசி விதியை நானே மீறப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

நந்தி மறைத்துப் படுத்திருந்த திருப்புன்கூர்க் கோயில் காட்சிக்கு இரண்டு பாட்டு. நாட்டக்குறிஞ்சியில் நந்தன் அழுவது. உடனே, இடைவெளி விடாமல், பூர்விகல்யாணியில் சிவன் நந்தியிடம் பேசுகிற 'சற்றே விலகி இரும் பிள்ளாய்'. மாட்டுக்கு உண்டான பாட்டு இதுதான், இத்தனை வருடமாக என் நோட்டிலேயே வேறொரு பக்கத்தில் தனியாகக் கிடந்தது. வயலின்காரர் இரண்டையும் சேர்த்து வாசித்துப் பார்த்துவிட்டுத் திடீரென்று சிரித்தார். "டீச்சர், கவனிச்சீங்களா? நாட்டக்குறிஞ்சியில சதுஸ்ருதி ரிஷபம், பூர்விகல்யாணியில சுத்த ரிஷபம். ரிஷபம் ஒரு இடம் நகர்ந்துருச்சு!" 'ரி' ஸ்வரத்துக்கும் ரிஷபம்தான் பெயர், காளைக்கும் ரிஷபம்தான் பெயர். நாங்கள் இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இப்படி ஒரு பொருத்தம் பட்டியல் போடுகிறவளுக்கு வாழ்நாளில் ஒரு முறை கிடைத்தால் பெரிது. ஸ்வரம் பாடவில்லை. அந்த ரிஷபத்தில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றேன்.

கச்சேரியன்று மழை. நாற்காலிகளைப் பந்தலின் நடுப்பக்கம் இழுத்துப் போட்டு, ஒரு அறுபது பேர். குருநாதர் சொன்ன மாதிரியே சில இடங்களில் தொய்ந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. மூன்றாவது நொண்டிச்சிந்தில் பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து ஓடிவிட்டார்கள், மிருதங்கக்காரருக்குத் தனி இல்லாததில் முகம் சரியில்லை. ஆனால் 40 வேலி வந்தபோது, பாட்டிக்குச் சொன்ன கணக்கை அப்படியே சொன்னேன்: 26,000 மரம், ஒரு ஆளுக்கு 65 நாள், ஒரே ராத்திரி. பந்தலில் ஒரு சத்தம் எழுந்தது. சிரிப்பு மாதிரியும் இருந்தது, பெருமூச்சு மாதிரியும் இருந்தது. அதற்குப் பிறகு 'வருகலாமோ' முடியும் வரை யாரும் எழுந்து போகவில்லை.

முடிந்ததும் கோயில் கமிட்டி அண்ணன் ஒருவர் வந்தார். வருடா வருடம் ஆடித் திருவிழாவில் தீ மிதிப்பவர். நெருப்பை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டார். எனக்கு மனசு வரவில்லை அண்ணே என்றேன். தலையை ஆட்டினார். "நாங்க எறங்குனா அந்தப் பக்கம் ஏறிடுவோம் டீச்சர், வீட்டுக்குப் போயி சோறு தின்போம். அவரு வீட்டுக்குத் திரும்பவே இல்லையே" என்றார். இதற்கு என்னிடம் இப்போதும் பதில் இல்லை. அடுத்த முறை பாடுவேனா என்றும் தெரியாது.

நான் தேடியது பாட்டியைத்தான். முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார், மடியில் மடித்த துண்டு. நாட்டக்குறிஞ்சி வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் பூர்விகல்யாணி ஆரம்பித்ததும் கண்ணை மூடிவிட்டார், தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அவருக்காகவே வைத்த பாட்டில் அவர் தூங்கிவிட்டாரே என்று பாடும்போதே எனக்கு ஒரு எரிச்சல். அந்த எரிச்சலில்தான், பாட்டு முடிந்ததும், வேண்டாத வேலையாக மைக்கில் உரக்கச் சொன்னேன்: "மாடு எழுந்து வழி விட்டது, நந்தன் கண்ணாரக் கண்டான்." அவர் விழிப்பார் என்று பார்த்தேன். விழிக்கவில்லை.

இப்போது போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மீகூன் பொட்டலத்தை அந்தக் கொக்கி விரலால் பிரித்துக்கொண்டிருந்தார். "பாட்டி, போன வருசம் கேட்டீங்களே, மாடு எந்திரிச்சிருச்சு. கேட்டீங்களா, தூங்கிட்டீங்களா?" என்றேன்.

"எங்கம்மா எந்திரிச்சிச்சு?" என்றார். "பாட்டுல அப்படி வரலையே. சற்றே விலகித்தான இருக்கச் சொன்னாரு சாமி. நீதான் அப்புறமா எந்திரிச்சிருச்சுன்னு மைக்குல சொன்ன."

எனக்குப் பேச்சு வரவில்லை. பாட்டி ஒரு வாய் மீகூனை மென்று முழுங்கிவிட்டு, மாட்டுக் கொட்டகையில் நின்று சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போலச் சொன்னார். "படுத்த மாடு எந்திரிக்காமத் தள்ளிப் படுக்காது, தெரியுமா? அடிச்சாலும் படுக்காது. எந்திரிச்சுத்தான் மறுபடி வேற எடத்துல படுக்கும். அந்த மாடு படுத்த வாக்குலயே தள்ளியிருக்கு. அதான் சாமி." அப்புறம் பேரனைக் கூப்பிட்டு, "டீச்சருக்கு ஒரு பொட்டலம் வாங்கிட்டு வாடா, ஆறிப்போவுது" என்றார்.